கழுகும் ஆட்டுக்குட்டியும்

அயர்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்னும் மாவட்டம் இருக்கிறது. விடுப்பில் சென்ற ஒரு குருவுக்குப் பதிலாக, அங்குள்ள ஒரு பங்கில் கோடையின் இரண்டு மாதங்கள் பணிசெய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அப்பங்கில் வாழும் மலையாளிச் செவிலியர் குடும்பம் ஒன்று என்னைக் கில்லார்னி தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. "ஏரியும் மலையும் மானும் பார்க்கலாம் அச்சா, பழைய காலத்துப் பண்ணை ஒன்றும் இருக்கிறது" என்றார்கள்.

ஏரியையும் மலையையும் பார்த்தேன். மான்களையும் தொலைவில் கண்டேன். ஆனால் ஊர் திரும்பிய பின்னும் என்னை விடாமல் பின்தொடர்ந்து வருவது அந்தக் காட்சிகள் அல்ல, ஒரு கேள்வி. நாம் எண்ணாமல் விளைவித்த கேட்டுக்கு நாம் எவ்வளவு தூரம் பொறுப்பாளிகள்? கேள்வி புதிதன்று. குருமடத்தில் இதற்கு விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த விடையில் எனக்கு இருந்த நம்பிக்கைதான் இப்போது சற்று ஆட்டம் கண்டிருக்கிறது.

முதலில் பூங்காவைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கத்தால் செல்வரான வில்லியம் பௌர்ன் என்பவர், 1911ஆம் ஆண்டில் இங்குள்ள மக்ரஸ் மாளிகையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் வாங்கி, ஆர்தர் வின்சென்ட் என்பவரை மணந்த தம் ஒரே மகள் மாட் என்பவருக்குத் திருமணப் பரிசாக அளித்தார். மகள் 1929இல் நிமோனியா கண்டு இறந்தாள். பெற்றோரும் மருமகனும் அவள் நினைவாக 1932இல் ஏறத்தாழ 11,000 ஏக்கர் பரப்பை மாளிகையோடு அயர்லாந்து மக்களுக்கே கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா இப்படித்தான் பிறந்தது. துயரத்திலிருந்து கல்லறை எழும்புவது வழக்கம். இங்கே ஒரு காடு எழுந்தது. இன்று அப்பூங்கா 10,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. பழைய கருவாலிக் காடுகள், மூன்று ஏரிகள், 1448இல் தொடங்கப்பட்ட பிரான்சிஸ்கன் துறவு மடத்தின் இடிபாடு, அதன் நடுமுற்றத்தில் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கும் பழைய யூ மரம் என, நின்று பார்க்க வேண்டியவை ஏராளம். உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை.

பண்ணைக்கு மட்டும் கட்டணம் உண்டு. 1993இல் திறக்கப்பட்ட இந்த மரபுப் பண்ணை, 1930களிலும் 40களிலும் கெர்ரி உழவர்கள் வாழ்ந்த வாழ்வை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. சிற்றூர்களுக்கு மின்சாரம் வருவதற்கு முந்தைய வாழ்வு. சிறுகுடியானவர் வீடு, நடுத்தரக் குடியானவர் வீடு, பெரிய பண்ணைக்காரர் வீடு என மூன்று வீடுகள் தனித்தனியே நிற்கின்றன. கூலியாளின் குடிசை, கொல்லன் உலை, தச்சன் பட்டறை, பள்ளிக்கூடம் ஆகியவையும் உண்டு. இது பொம்மைக் கண்காட்சி அன்று. கோழி முட்டையிடுகிறது, பன்றி உறுமுகிறது, குதிரைக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. கெர்ரி இனத்துக் கறுப்புப் பசுக்கள் மேய்கின்றன. உருவில் சிறியவை, ஏழைப் புல்லையும் பாலாக்கித் தருபவை. அவற்றைக் கண்டதும் நம் ஊர் நாட்டு மாடுகள் நினைவுக்கு வந்தன. சிறுகுடியானவர் வீட்டு அடுப்பில், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி உலர்த்திய மண்கட்டிகள் கனன்றுகொண்டிருந்தன. அதன் மேல் இரும்புக் கொக்கியில் தொங்கிய பாத்திரத்தில் ரொட்டி வெந்தது. அங்கிருந்த அம்மையார் ஒரு துண்டை அறுத்து வெண்ணெய் தடவித் தந்தார்.

அந்த அடுப்பங்கரையில்தான் அம்முதியவரைச் சந்தித்தேன். பேரப்பிள்ளைகள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்கு ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கழுத்துப் பட்டையைக் கண்டதும், "ஃபாதர், இது நான் பிறந்த வீடு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இந்த வீடே அன்று, இதைப் போன்ற வீடு. இதோ இந்த மலைகளுக்கு அப்பால் கறுப்புப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. எங்களுக்கு மின்சாரம் வந்தது 1970களில்தான். அப்போது நான் கல்யாணமாகும் வயதில் இருந்தேன். என் இளமையைப் பார்க்க நானே கட்டணம் கொடுத்து உள்ளே வந்திருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் ஆடு வளர்ப்பவர். மலைச்சரிவில் ஆடுகளை விட்டு மேய்ப்பதுதான் அவருக்கும் அவர் தந்தைக்கும் தொழில். பேச்சு வளர்ந்து, வெளியே வந்து ஒரு கல்சுவரின் மேல் அமர்ந்தோம். எதிரே காடும், காட்டுக்கு மேல் மலையும். மலையைப் பார்த்தவாறே நான் சாதாரணமாக, இங்கே கழுகு இருக்கிறதாமே, பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் விடை சொல்லவில்லை.

அந்த மௌனத்தின் காரணத்தை வாசகர் அறிய வேண்டும். வெண்வால் கடற்கழுகு என்பது எட்டடி வரை சிறகு விரிக்கும் பெரும் பறவை. அயர்லாந்தின் கடற்கரைகளிலும் ஏரிகளிலும் ஒருகாலத்தில் அது தாராளமாக வாழ்ந்தது. சுட்டும், நஞ்சிட்டும், முட்டைகளைக் கவர்ந்தும் மனிதர் அதை அழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் அவ்வினம் அற்றுப்போயிற்று. பின்னர் 2007இல் தொடங்கி 2011 வரை, நார்வே நாட்டின் கூடுகளிலிருந்து ஏறக்குறைய நூறு குஞ்சுகளைக் கொண்டுவந்து, இந்தக் கில்லார்னிப் பூங்காவில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். முதல் குஞ்சுகள் விமானத்தில் வந்து இறங்கிய நாளில், கெர்ரி விமான நிலையத்தில் ஆடு வளர்க்கும் உழவர்கள் எதிர்ப்புப் பலகைகளோடு நின்றார்கள். தங்கள் ஆட்டுக்குட்டிகளைக் கழுகு தூக்கிச் செல்லும் என்பது அவர்கள் அச்சம்.

அடுத்து நடந்ததை எவரும் திட்டமிடவில்லை. மலை ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தில், நரியும் காக்கையும் பிறந்த குட்டிகளைத் தாக்கும். காக்கை உயிரோடிருக்கும் குட்டியின் கண்ணையே கொத்தும். ஆகவே இறந்த ஆட்டின் இறைச்சியில் நஞ்சு வைத்து மலையில் போடுவது பல பண்ணைகளில் நெடுங்கால வழக்கம். கழுகோ மீனையும் நீர்ப்பறவையையும் தின்பதோடு, செத்த விலங்கையும் விரும்பித் தின்னும். நார்வேயிலிருந்து வந்த பறவைகளில் பத்துக்கும் மேற்பட்டவை நஞ்சால் இறந்தன எனச் சோதனையில் உறுதியாயிற்று. 2010இல் இறைச்சியில் நஞ்சிட்டு வைப்பதை அரசு தடை செய்தது.

"2007இல் விமான நிலையத்தில் நானும் நின்றேன்" என்றார் முதியவர். "அதற்காக நான் வெட்கப்படவில்லை, ஃபாதர். அந்தப் பறவை வரப்போவதை நான் செய்தித்தாளில்தான் படித்தேன். கழுகு வானத்தில் பறந்தால் பார்க்கிறவனுக்கு மகிழ்ச்சி. குட்டி போனால் போனது எனக்கு." சிறிது நிறுத்திவிட்டு, "ஆனால் ஒரு வசந்தத்தில் அடுத்த மலையில் ஒன்று செத்துக் கிடந்தது. செய்தி கேட்டதும் கொட்டகைக்குப் போய் என் புட்டியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு நான் வைக்கவில்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். நரிக்கு வைத்தது அது. கழுகைக் கொல்ல எவனும் வைக்கவில்லை. அப்படியானால் அது பாவமா, சொல்லுங்கள்" என்றார்.

இறையியல் படித்தவனிடம் கேட்டால் விடைக்குப் பஞ்சமா? இரட்டை விளைவு நெறி என்று ஒன்றை எங்களுக்குக் கற்பித்தார்கள். புனித தோமா அக்குவினார் தற்காப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் முளைவிட்டு, பிற்கால அறநெறி ஆசிரியர்களால் வகுத்துச் செப்பனிடப்பட்டது. ஒரே செயலிலிருந்து நன்மையும் தீமையும் விளையுமானால், செயல் தன்னளவில் தீயதாய் இருக்கக் கூடாது. நன்மையே நாடப்பட வேண்டும். தீமையின் வழியாக நன்மை வரக் கூடாது. தீமையைப் பொறுத்துக்கொள்ளத் தக்க காரணம் வேண்டும். உழவரின் செயலை இதில் வைத்துப் பாருங்கள். மந்தையைக் காப்பது நல்ல செயல். நாடியது குட்டியின் உயிர். கழுகின் சாவால் குட்டி பிழைக்கவில்லை, அது பக்கவிளைவு. குடும்பத்தின் பிழைப்பு தக்க காரணமே. ஐந்து நிமிடத்தில் விடுதலை கிடைத்துவிடும்.

ஆனால் என் வாயிலிருந்து அந்த விடை வரவில்லை. அதை ஒருமுறை வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

1994ஆம் ஆண்டு. நான் இறையியல் மாணவனாகக் கோடை விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். சிவகங்கைச் சீமையில் எங்களுக்குச் சில ஏக்கர் நிலம். அவ்வாண்டு கிணற்றுத் தண்ணீரை நம்பி அப்பா கடலை விதைத்திருந்தார். விதைத்த பருப்பை எலி தோண்டித் தின்றது. ஒருமுறை விதைத்து, மறுமுறையும் கடன் வாங்கி விதைத்தார். அப்போதுதான் எலிப் பாஷாணம் கலந்த பொரியை வரப்போரம் தூவினார். மறுநாள் விடியற்காலையில் ஓர் ஆண் மயிலும் நான்கு பெட்டைகளும் வாய்க்காலில் கிடந்தன. அடுத்த காட்டுக்காரர் பழநிக்கு ஆண்டுதோறும் காவடி எடுப்பவர். அவர் வந்து பார்த்தார். ஏசுவார் என்று பயந்து நின்றோம். ஒன்றும் சொல்லவில்லை, தோளில் கிடந்த துண்டை விரித்து அந்த ஆண் மயிலை எடுத்து வைத்தார். பிறகு மண்வெட்டியை வாங்கி எங்களோடு சேர்ந்து குழி வெட்டினார்.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அப்பா நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மாலையில் திண்ணையில் அமர்ந்து, இரட்டை விளைவு நெறியின் நான்கு நிபந்தனைகளையும் எளிய தமிழில் அவருக்கு விளக்கினேன். சொல்லும்போதே என் விளக்கத்தில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்டு முடித்துவிட்டு அப்பா சொன்னார்: "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும் தம்பி. எலிக்குன்னுதான் வச்சேன். ஆனா மயிலு அந்தப் பக்கம் நெதம் வர்றது எனக்குத் தெரியும்ல. காலையில காலையில பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் என்ன அறிந்திருந்தார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே அவரைக் குற்றமற்றவராக்கிவிட்டேன். என் தந்தை குற்றவாளியாக இருக்கக் கூடாது என்ற என் தேவையை இறையியல் என்று பெயரிட்டு அவர் முன் வைத்தேன். சில வாரங்களுக்குப் பின் அவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நற்கருணை வாங்கியதாக அம்மா எழுதியிருந்தார்கள்.

அந்த நெறி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவருக்கும் காவலருக்கும் அது இன்றும் வேண்டும். ஆனால் அதை நாம் பயன்படுத்தும் முறையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. "நீ எதை நாடினாய்?" என்ற முதல் கேள்வியிலேயே மனம் நிறைந்துவிடுகிறது; நாடியது நல்லது என்றதும் மற்ற கேள்விகள் சடங்காகிவிடுகின்றன. துப்பாக்கியால் நரியைச் சுடுகிறவன் நரியைப் பார்க்கிறான். நஞ்சை வைக்கிறவன் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். வருவது நரியா, காக்கையா, தன் வீட்டு நாயா, நஞ்சுக்குத் தெரியாது. பார்க்கத் தெரியாத ஒரு கருவியைக் கையிலெடுப்பவன், அதற்கும் சேர்த்துத் தானே பார்க்கக் கடமைப்பட்டவன் அல்லவா? அறநூல்கள் அறியாமையை இரண்டாகப் பிரிக்கும்: முயன்றாலும் நீக்க முடியாதது, முயன்றிருந்தால் நீங்கியிருக்கக்கூடியது. மூன்றாவது ஒன்றும் உண்டென்று அப்பா எனக்குக் காட்டினார். நாள்தோறும் கண்ணால் கண்டுகொண்டே கணக்கில் சேர்க்காமல் விடுவது. அதை அறியாமை என்று அழைப்பதே பிழை.

இன்னொன்றும் அந்தக் கல்சுவரின் மேல் அமர்ந்திருந்தபோது தோன்றியது. முதியவரின் தந்தை மலையில் நஞ்சிட்டபோது அங்கே கழுகு இல்லை. மகன் அதே மலையில் அதே இறைச்சியை வைத்தால், 2007க்குப் பிறகு அது வேறு செயல். கை மாறவில்லை, எண்ணம் மாறவில்லை. வானத்தில் ஒரு புதிய அயலார் குடிவந்துவிட்டார், அவ்வளவே. நேற்று வரை குற்றமற்றதாய் இருந்த பழக்கம், நாம் உறங்கி எழுவதற்குள் குற்றமாகிவிடக்கூடும். இது அநியாயம் என்று உழவருக்குத் தோன்றினால் நான் வியக்க மாட்டேன். வேறொரு நாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிய ஒன்று, எதையும் கேட்காமலே என் கடமையைப் பெருக்கிவிடுகிறது. ஆயினும் குழந்தை பிறந்த வீட்டில் கதவை அறைந்து சாத்தக் கூடாது என்பது அப்படித்தானே வருகிறது? குழந்தை நம்மிடம் இசைவு பெற்றா பிறந்தது?

இங்கே உழவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கழுகு வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர்க்கு ஆடு இல்லை. மகிழ்ச்சி அனைவருக்கும், இழப்பின் அச்சம் சிலருக்கு என்ற பங்கீட்டில் ஒரு கோணல் உண்டு. இன்னும் கூர்மையான கோணல் அந்தப் பண்ணையிலேயே இருக்கிறது. 1930களின் உழவரை, அவர் அடுப்பை, அவர் ரொட்டியை நாம் கட்டணம் கொடுத்து நேசிக்கிறோம். அவர் பேரன் பலகை பிடித்து விமான நிலையத்தில் நின்றால், பின்தங்கியவன் என்கிறோம். அந்த மரபு வீட்டின் சுவரில் நஞ்சுப் புட்டி எதையும் நான் காணவில்லை. ரொட்டியின் மணம் இருந்தது. குட்டியின் கண்ணைக் காக்கை கொத்திய விடியற்காலை இல்லை. செவிலியர் குடும்பத்தின் சிறுமி கோழிக்குஞ்சைக் கையில் ஏந்தி நின்ற அழகில் நானும் மயங்கினேன். எனினும் அந்த வாழ்வின் பாதியைத்தான் பார்க்கிறோம் என்ற உறுத்தல் கூடவே இருந்தது.

காடு மட்டும் மனிதக் கை படாததா? அதுவும் இல்லை. பூங்காவின் பெருமையான செம்மான்களை அந்நாட்டின் பூர்வ குடி என்று எல்லோரும் போற்றுகிறார்கள். 1970ஆம் ஆண்டளவில் நூறுக்கும் குறைந்துபோய், காவலால் மீண்டவை அவை. அவற்றின் மூதாதையரையே ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள்தாம் படகில் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று 2012இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. 1865இல் இங்கே வந்த ஜப்பானியச் சிகா மான் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது. அழகுக்காக நட்ட ரோடோடென்ட்ரான் புதர், ஊதா மலர்களோடு கருவாலிக் காட்டின் அடியை மூடி, கீழே ஒரு நாற்றும் முளைக்கவிடாமல் இருளாக்குகிறது. பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் அதை வெட்டி வெட்டி மாளவில்லை. நட்டவர் காட்டைக் கெடுக்க எண்ணியா நட்டார்? தோட்டம் அழகாக இருக்கட்டும் என்றுதான் நட்டார்.

தொடக்கநூலில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படும்போது அவனுக்குத் தரப்படும் வேலைகள் இரண்டு. எபிரேயத்தில் முதற்சொல்லுக்கு உழைத்தல் என்றும் ஊழியம் செய்தல் என்றும் பொருள். இரண்டாம் சொல்லுக்குக் காத்தல், கண்காணித்தல் என்று பொருள். அதே வேர்ச்சொல்தான், தன் தம்பி எங்கே என்று கேட்கப்பட்ட காயினின் எதிர்க்கேள்வியிலும் வருகிறது. காயின் உழவன், ஆபேல் ஆயன் என்பதை நினைத்தால் அந்தக் கல்சுவரில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது தொலைதூரக் கதையாகத் தோன்றவில்லை. ஆனால் காயின் நாடித்தான் கொன்றான். என் தந்தைக்கும் இம்முதியவருக்கும் அவன் எடுத்துக்காட்டு ஆகமாட்டான். அவர்கள் நின்ற இடம் அதைவிடக் கடினமானது. குட்டியையும் காக்க வேண்டும், கழுகையும் காக்க வேண்டும். ஒன்றைக் காக்கும் கை மற்றதின் மேல் விழுகிறது.

முதியவர் விடைக்குக் காத்திருந்தார். நான் பாவம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் தந்தையின் கதையைச் சொன்னேன். மயில்களின் எண்ணிக்கையைக் கேட்டு ஒருமுறை தலையசைத்தார். துண்டை விரித்த அடுத்த காட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதும், "அவர் நல்ல மனிதர்" என்றார். பிறகு ஓர் உழவருக்கே தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டார்: "அடுத்த ஆண்டு உன் தந்தை எலியை என்ன செய்தார்?"

சொன்னேன். விதைத்த பின் பதினைந்து இரவு அப்பா காட்டிலேயே படுத்தார். மூங்கிலில் வில் வளைத்து எலிக் கிட்டிகள் செய்து வளைக்கு வளை வைத்தார். விடியற்காலையில் ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்த்தார். பாதி விளைச்சல்தான் கைக்கு வந்தது. அந்த ஆண்டுக் கடன் அடுத்த ஆண்டும் நின்றது.

"நானும் இப்போது குட்டி போடும் மாதத்தில் ஆடுகளை வீட்டுக்கு அருகே இறக்கிவிடுகிறேன்" என்றார் அவர். "இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை எழுந்து போவேன். இந்த வயதில் முழங்கால் கேட்பதில்லை. மகன் டப்ளினில் இருக்கிறான். எனக்குப் பின் யார் எழுந்து போவார்கள் என்று தெரியவில்லை."

பேரப்பிள்ளைகள் பன்றியைப் பார்க்க வேண்டும் என்று அவர் கையை இழுத்தார்கள். எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏரியின் பக்கம் ஒரு பட்ட மரத்தைச் சுட்டினார். காலை வேளையானால் சில நாள் அங்கே வந்து உட்காரும் என்றார்.